சாவி யார் பெயரில்?

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த கணினி என் பெயரில் வந்தது. நிலம் அப்பா பெயரில் இருந்தது. தறிக்குடோன் பெரியப்பா பெயரில், பைக் அண்ணன் பெயரில். கேஸ் இணைப்புகூட அப்பா பெயரில்தான். அந்த வீட்டில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதல் பொருள் அந்த மடிக்கணினிதான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோதுதான் புரிந்தது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. சோமனூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் அப்போது பிளஸ் டூ. அந்த முதல் செட்டில் எனக்கும் ஒன்று கிடைத்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டவுன்பஸ்ஸில் நின்றபடியே வீட்டுக்கு வந்தேன். வந்த அன்றே அது பீரோவுக்கு மேலே போய்விட்டது. “பரிட்சை முடியட்டும் கண்ணு, அப்பறம் எடுத்துக்கலாம்” என்றார் அம்மா. பரிட்சை எனக்குத்தானே, அண்ணனுக்கு இல்லையே! சாயங்காலமானால் அண்ணனும் அவன் நண்பர்களும் அதைக் கீழே இறக்கிப் படம் பார்த்தார்கள். நான் பக்கத்தில் போனால், “தொடாத இரு, எதையாச்சும் அமுக்கி வெச்சுருவ” என்பான்.

அந்த மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொன்று சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும் ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலைக் காட்டும் நிரலின் பெயர் கிரப். அதன் சிறு துண்டு ஒன்று ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும். மீதியெல்லாம் லினக்ஸ் இருக்கும் பகுதியில் இருக்கும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அண்ணனின் நண்பனுக்கும் அன்று தெரியவில்லை. படம் வைக்க இடம் போதவில்லை என்று அவன் லினக்ஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டான். அடுத்த முறை ஆன் செய்தபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டே வரிகள் வந்தன. முதல் வரி, அப்படியொரு பகுதியே இல்லை என்றது. இரண்டாவது வரியில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிறு கோடு மின்னிக்கொண்டிருந்தது.

“பொட்டப்புள்ளைக்குக் கம்ப்யூட்டர் குடுத்தா இப்படித்தான்” என்றார் அப்பா. அழித்தவன் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் காந்திபுரத்தில் ஒரு கடையில் விசாரித்து வந்தான். ஃபார்மட் அடித்தால்தான் சரியாகுமாம். 500 ரூபாயாம். இரண்டு நாள் கடையில் விட்டுவிட்டு வரவேண்டுமாம்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் அழிப்பு மட்டுமல்ல. பள்ளியில் பிரிவு உபசார விழா முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் சேலை கட்டி, பூ வைத்து, ஒருத்தியின் கேமராவில் எடுத்த படங்கள் எல்லாம் என் மடிக்கணினியில் இருந்தன. கேமராவைத் திருப்பித் தரவேண்டும் என்பதால் அதிலிருந்து அழித்தும் விட்டோம். விஷயம் தெரிந்ததும் மறுநாள் வகுப்பில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “கடைக்கு மட்டும் குடுத்துறாதடி. எவனாச்சும் எடுத்து எதுலயாச்சும் போட்டான்னா எங்கப்பா என்னைக் காலேஜுக்கே அனுப்ப மாட்டாரு” என்று ஒருத்தி அழுதாள். கடைக்காரர் அப்படிப்பட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த பயத்தைப் புதிதாக யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. செல்போன் ரிப்பேர் கடையிலிருந்து படம் வெளியே போன கதைகள் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். போன் கெட்டால் உடைத்துக் குப்பையில் போடு, கடைக்குக் கொடுக்காதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட பாதுகாப்பு. நாமே சரிசெய்யலாம் என்று யாரும் சொன்னதில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சரிடம் போனேன். விவரத்தைக் கேட்டுவிட்டு, “படமெல்லாம் எங்கயும் போகல. அழிஞ்சது வழிகாட்டிப் பலகைதான், ஊரு அங்கயேதான் இருக்குது” என்றார். எங்கள் மடிக்கணினியில் இருப்பது 32 பிட் விண்டோஸா, 64 பிட்டா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவரே யோசித்து, 32-க்கான மீட்பு நிரலை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கே வரிகள் எழுதித் தந்தார். “நீயே பண்ணு. நான் வந்து பண்ணுனா உனக்கு மறந்துரும்.”

2012 கோவைப் பக்கத்து ஆட்களுக்கு மறக்காத வருடம். மின்வெட்டு. தறிகள் நின்று, ஊரே அமைதியாக இருந்த ஒரு மத்தியானம், பேட்டரியில் மிச்சமிருந்த சார்ஜை நம்பிப் பீரோவுக்கு மேலிருந்து அதை இறக்கினேன். பென்டிரைவிலிருந்து தொடங்கச் செய்து, ‘ரிப்பேர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்தேன். மறுபடியும் அதே கறுப்புத் திரை. மவுஸ் இல்லை, படம் இல்லை, அமுக்கப் பொத்தான் இல்லை. டீச்சர் எழுதித் தந்த ‘பூட்ரெக்’ கட்டளையை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். இடைவெளி, சாய்கோடு, ‘ஃபிக்ஸ்-எம்பிஆர்’. எண்டரை அழுத்தும் முன்பு கை நடுங்கியது. வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று ஒரே ஒரு வரி வந்தது. இன்னும் இரண்டு வரிகளைத் தட்டி, பென்டிரைவைப் பிடுங்கி, மறுபடி ஆன் செய்தேன். விண்டோஸ் வந்தது. படங்கள் இருந்தன.

என்ன நடந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்துக் கணினிகளில் ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் எல்லாம் தொடங்கும். அதில் 446 பைட், இயங்குதளம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போகும் சிறு நிரல். அடுத்த 64 பைட், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணை. கடைசி 2 பைட் அடையாள முத்திரை. நான் தட்டிய கட்டளை அந்த 446 பைட்டை மட்டும் திருத்தி எழுதியது. அட்டவணையைத் தொடவில்லை. படங்களின் பக்கமே போகவில்லை. சரிசெய்ய வேண்டியது ஒரு குறுஞ்செய்தி அளவுக்குத்தான் இருந்தது. அதற்குத்தான் மொத்தத்தையும் அழிக்கச் சொல்லியிருந்தார்கள்.

சாயங்காலம் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “அட, தானா சரியாயிருச்சா?” என்றான்.

இந்த ‘தானாகச் சரியாவது’ பற்றி எனக்கு நிறைய யோசனை உண்டு. எங்கள் தறிக்குடோனில் பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையைப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அம்மா மணிக்கணக்கில் உட்கார்ந்து பிணைப்பார். ஓடும் தறியில் இழை அறுந்தாலும் அவர்தான் முடிச்சுப் போடுவார். ஆனால் தறியின் மோட்டாரையோ இரும்பையோ கழற்றும் வேலைக்கு ஃபிட்டர் வருவார், அதற்குத்தான் ‘ரிப்பேர்’ என்று பெயர். அம்மா செய்தது வெறும் ‘பார்த்துக்கறது’.

இது எங்கள் ஊர்க்கதை மட்டுமல்ல. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் எனியாக் என்ற கணினி உலகுக்குக் காட்டப்பட்டது. அதற்கு நிரல் அமைத்தவர்கள் கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிச்டர்மன் என்ற ஆறு பெண்கள். சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அந்த இயந்திரத்தில் எந்தக் குழாய் பழுது என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர்களுக்கு அது பழகியிருந்தது. காட்சி முடிந்து நடந்த விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. பழுதை முதலில் கண்டவர்கள் பெண்கள்தான். அதற்குப் பிறகு நம்மிடம் ‘தொடாதே’ என்று சொல்லப்பட்டது.

நான் கோவையில் பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். இப்போது அவிநாசி சாலைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் சிஸ்டம் சப்போர்ட் வேலை. கணினி நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். ஆண்கள் கூப்பிட்டால், “உங்க சிஸ்டம் சரியில்லீங்க, வந்து பாருங்க” என்பார்கள். பெண்கள் கூப்பிட்டால் முதல் வரியே, “நான் ஒண்ணுமே பண்ணலீங்க, தானா நின்னுருச்சு” என்பதுதான். குற்றச்சாட்டு வருமுன்பே மறுப்பு. பை நிறைய கேபிளோடு நான் போய் நின்றால், “சார் வரலீங்களா?” என்று கேட்பவர்கள் இருபாலரிலும் இருக்கிறார்கள்.

கட்டளைகள் தெரிந்தால் போதும், யாருடைய தயவும் வேண்டாம் என்று பத்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். 2022-இல் பெரியப்பா மகள் ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தபோது அந்த நம்பிக்கையில் ஓட்டை விழுந்தது.

அக்கா ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பு எடுக்கத் தன் சம்பளத்தில் வாங்கிய கணினி அது. 2022-இல் கணவன் வீட்டிலிருந்து மகளையும் இரண்டு பைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்பது அவள் சொல்ல வேண்டிய கதை, நான் எழுதப்போவதில்லை. கிளம்பும் அவசரத்தில், அப்டேட் ஓடிக்கொண்டிருந்த கணினியை அப்படியே அணைத்துப் பையில் திணித்திருக்கிறாள். அதன்பிறகு அது ஆன் ஆகும், தானே பழுதுபார்ப்பதாகச் சொல்லும், முடியவில்லை என்று நீலத்திரை காட்டும், மறுபடியும் முதலிலிருந்து. அதற்குள்தான் அவளுடைய சம்பளச் சீட்டுகள், வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் அவள் அனுப்பிய பணத்தின் விவரம், கல்யாணத்தில் போட்ட நகைகளின் படங்கள், சேமித்து வைத்த வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாம் இருந்தன.

கடையில் மறுபடியும் அதே பதில்: ஃபார்மட். வீட்டிலும் அதேதான். “பழசையெல்லாம் வெச்சு என்ன பண்ணப் போற? அழிச்சுட்டுப் பாப்பா படிக்கறதுக்குக் குடுத்துரு” என்றார் பெரியப்பா. ஊர்ப் பெரியவர்கள் பேசவந்தபோதும் இதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள். நடந்ததை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்றார்கள். அந்த வாரம் முழுக்க இரண்டு பேச்சும் ஒரே வீட்டில் மாறி மாறி ஓடின.

நான் மீட்புத் திரைக்குள் போய், வழக்கம்போல் கமாண்ட் பிராம்ப்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். அது திறக்கும் முன் ஒரு பெட்டி வந்து நின்றது. 48 இலக்க மீட்புச் சாவியைக் கொடு என்றது.

இப்போது வரும் பல கணினிகளில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். திருடன் கையில் சிக்கினாலும் உள்ளிருப்பது தெரியக்கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு. அந்தப் பூட்டின் சாவி, கணினியை முதலில் அமைக்கும்போது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறோமோ அதில் போய்ச் சேமிக்கப்படும். அக்காவிடம் கேட்டேன். “அவருதான் எல்லாம் செட் பண்ணிக் குடுத்தாரு. என்ற மெயில் ஐடி எதுக்குன்னு அவரோடதையே போட்டுட்டாரு” என்றாள். கணினி அவள் காசு. உள்ளே இருப்பது அவள் வாழ்க்கை. சாவி அவன் கணக்கில்.

எனக்குத் தெரிந்த எந்தக் கட்டளையும் அங்கே உதவாது. 2012-இல் வழிகாட்டிப் பலகைதான் உடைந்திருந்தது. இங்கே பழுதைத் தொடவே அனுமதி வேண்டியிருந்தது. ஃபார்மட் செய்வதற்கு மட்டும் எந்தச் சாவியும் தேவையில்லை. அழிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம், மீட்கத்தான் வேண்டும்.

கணவனிடம் கேட்க அக்கா தயாராக இல்லை. கேட்டால் என்ன விலை சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாள் கழித்து, அவளுடைய நாத்தனார் வேறெதற்கோ போன் செய்தாள். கல்லூரியில் படிக்கும் பெண். அக்கா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “உங்க கம்ப்யூட்டருதானுங்களே அண்ணி” என்றாள் அந்தப் பெண். அந்த வீட்டுப் பொதுக் கணினியில் அவள் அண்ணனின் கணக்கு எப்போதும் திறந்தே கிடக்குமாம். இரவு எல்லோரும் சீரியல் பார்க்கும் நேரத்தில் மீண்டும் கூப்பிட்டாள். திரையில் தெரிந்த அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளை நான் சொன்னேன், பொருந்துகிற சாவியைத் தேடி எடுத்தாள். படம் எடுத்து அனுப்பினால் போனில் தடம் இருக்கும் என்று மெதுவாக வாசித்தாள். ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள்.

அந்தச் சாவிக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வோர் ஆறு இலக்க எண்ணும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும். ஒரே ஓர் இலக்கம் தவறினாலும் வகுபடாது. எழுதியதை கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தேன். ஏழாவது தொகுதியில் மீதி வந்தது. “அம்மிணி, ஏழாவது செட்டு மட்டும் இன்னொருக்கா சொல்லு.” தறிச் சத்தத்தில் எட்டை ஏழு என்று கேட்டிருக்கிறேன். திருத்திக்கொண்டேன். அவள் வைத்துவிட்டாள். அந்த வீட்டில் அதற்காக அவளுக்கு ஏதும் நேர்ந்ததா என்று தெரியவில்லை. அவளைப் பற்றி இதற்கு மேல் எழுதாமலிருப்பதுதான் நான் அவளுக்குச் செய்யக்கூடியது.

பூட்டு திறந்தது. கறுப்புத் திரை வந்தது. இந்தமுறை கை நடுங்கவில்லை. ஆனால் பழுதுபார்க்கும் கட்டளை எதையும் முதலில் தட்டவில்லை. முதலில் நகல், பிறகுதான் வைத்தியம். இதை நான் வேலையில் ஒருமுறை அடிபட்டுக் கற்றேன். மீட்புச் சூழலில் டிரைவ்களின் எழுத்துகள் மாறியிருக்கும், சி என்று நினைத்தது டி ஆக இருக்கலாம். அதனால் ‘டிஸ்க்பார்ட்’ போய், இருப்பவற்றைப் பட்டியலிடச் சொல்லிச் சரிபார்த்தேன். வெளி டிரைவைச் செருகி, ‘ரோபோகாப்பி’ கொண்டு அக்காவின் கோப்புகளை நகலெடுத்தேன். கட்டளை வராதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அதே திரையில் நோட்பேட் என்று தட்டி, அதற்குள் ஃபைல், ஓப்பன் என்று போனால் கோப்புகள் எல்லாம் வழக்கமான சன்னலில் தெரியும், அங்கிருந்தே நகலெடுக்கலாம்.

நகல் முடிய இரவு ஒன்றரை ஆனது. அக்கா தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கோப்புகளின் பெயர்கள் திரையில் மேலே ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு பெயரைப் பார்த்து, “அது பாப்பாவோட மொதப் பொறந்தநாளு” என்றாள்.

பிறகு ‘டிசம்’ கட்டளையால், பாதியில் நின்ற அப்டேட்டைப் பின்வாங்கச் சொன்னேன். இயங்குதளத்தின் கோப்புகளைச் சரிபார்க்கும் ‘எஸ்எஃப்சி’யை ஓட்டினேன். மறுபடி ஆன் செய்தபோது கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அவளுடைய திரை வந்தது.

அதோடு வேலை முடியவில்லை. விடிந்ததும் அவள் பெயரில் புது மெயில் தொடங்கி, அவள் போன் எண்ணையே அதற்குக் கொடுத்தோம். அந்தக் கணக்கை நிர்வாகிக் கணக்காக்கி, பழையதை நீக்கினோம். டிஸ்க்கின் பூட்டை எடுத்துவிட்டு மறுபடி பூட்டினோம், பழைய சாவி இனி எதற்கும் பொருந்தாது. புதுச் சாவியை அச்செடுத்து, ரேஷன் கார்டும் பாப்பாவின் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் கவரில் வைத்தாள்.

சில வாரம் கழித்து, வழக்கறிஞர் அம்மா ஒரு தாளை நீட்டினார். மின்னணுப் பதிவுகளை அச்செடுத்துச் சாட்சியமாகக் கொடுத்தால், இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும் என்று 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருந்தது. அந்தக் கணினி யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர் கையெழுத்திட வேண்டும். அக்கா தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “என்ற பொறுப்புலதான இருக்குது?” என்றாள். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டாள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள். மருந்து எளிமையானது. மீட்புத் திரைக்குள் போய் ஒரே ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் பூட்டப்பட்ட கணினிகளில் அதற்கும் முன்னால் அந்த 48 இலக்கம் தேவைப்பட்டது. சாவி எங்கே என்று பெரிய பெரிய நிறுவனங்கள் தேடின. எனக்கு அக்காவின் ஞாபகம்தான் வந்தது.

இதைப் படிக்கும் நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் கணினியில் எந்த மெயிலில் நுழைந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அது கணவருடையதா, அண்ணனுடையதா, அமைத்துக் கொடுத்த கடைக்காரருடையதா? உங்களுடையது இல்லையென்றால் மாற்றுங்கள். மீட்புச் சாவியை அச்செடுத்து உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஒரு 16 ஜிபி பென்டிரைவில் மீட்பு நிரலைப் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது ஃபார்மட் என்று சொன்னால், நகல் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். அவள் பள்ளியில் ஒரு டீச்சரின் கணினி ஆன் ஆகவில்லையாம். வரட்டுமா என்று கேட்டேன். “நீ வேண்டாம். அந்த நோட்டுல எழுதித் தந்தியே, அதுல மூணாவது வரியில சாய்கோடு எந்தப் பக்கம் சாயணும்னு மட்டும் சொல்லு” என்றாள்.